சங்கம், சாலை, சபை: பொன்னேரி வழிவந்த வள்ளலாரின் வாழ்வும் நிறுவன நெறியும்

ஆய்வுச் சுருக்கம்

திருவருட்பிரகாச வள்ளலார் என வழங்கப்பெறும் இராமலிங்க அடிகளின் (1823–1874) வாழ்க்கையை, அவர் நிறுவிய சங்கம், சாலை, சபை ஆகிய மூன்று அமைப்புகளை முன்வைத்து இக்கட்டுரை அணுகுகிறது. வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துசெல்லும் பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரத் தொடர்பும் கவனத்தில் கொள்ளப்படுகிறது. உணவளிப்பதில் எந்த எல்லையும் வகுக்காத வள்ளலார், சங்கத்தில் சேர்வதிலும் சபையில் வழிபடுவதிலும் தெளிவான எல்லைகளை வகுத்தார் என்பதும், அவர்தம் தொண்டு நிறுவனத்தின் பண்பாட்டை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடே திறவுகோல் என்பதும் இதன் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: வள்ளலார், சன்மார்க்க சங்கம், தருமச்சாலை, சீவகாருண்யம், பொன்னேரி, பதிப்பு வரலாறு

முன்னுரை

வள்ளலாரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகப்பல. அவற்றுள் ஒரு பகுதி அவரைச் சித்தராகவும் ஒளியுடம்பு பெற்றவராகவும் காண்பது. மற்றொரு பகுதி சாதி சமய மறுப்பாளராகவும் சமூகச் சீர்திருத்தவாதியாகவும் காண்பது. முன்னதில் அடுப்பங்கரை மறைந்துவிடுகிறது. பின்னதில் வழிபாடு மறைந்துவிடுகிறது. ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்து, அதற்கு விதி எழுதி, அவ்விதி மீறப்படுவதைக் கண்டு வருந்திய மனிதராக அவரை நோக்கும் முயற்சிகள் குறைவு. இந்தியத் தொண்டு நிறுவனங்களின் வரலாற்றில் வங்காளத்துப் பிரம்ம சமாசம் (1828), மும்பையில் தோன்றிய ஆரிய சமாசம் (1875), இராமகிருஷ்ண மிஷன் (1897) ஆகியன பெறும் இடம் 1865-இல் தோன்றிய சன்மார்க்க சங்கத்திற்குக் கிடைப்பதில்லை. ஆங்கிலக் கல்வியின் துணையின்றி முற்றிலும் தமிழ் நூல் மரபுக்குள்ளிருந்து எழுந்த அமைப்பு அது என்பதே இப்புறக்கணிப்புக்கு ஒரு காரணமாகலாம்.

பொன்னேரியும் ஏழுகிணறும்

இராமலிங்கர் 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்துக்கு வடமேற்கே உள்ள மருதூரில் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர். பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பணியும் செய்தவர். தாய் சின்னம்மை, இராமையா பிள்ளையின் ஆறாம் மனைவி. சபாபதி, பரசுராமன் என இரு தமையன்மார். உண்ணாமுலை, சுந்தரம் என இரு தமக்கையர். கடைக்குட்டி ஓராண்டு நிறையுமுன்னரே தந்தை காலமானார். ஐந்து பிள்ளைகளோடு தனித்து நின்ற சின்னம்மை, தம் பிறந்த ஊராகிய சின்னக்காவணத்துக்குப் பெயர்ந்தார். அது பொன்னேரியை ஒட்டிய சிற்றூர்.

சின்னக்காவண வாழ்க்கை குறுகியது. குடும்பம் விரைவில் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வீராசாமி பிள்ளை தெருவில் குடியேறியது. ஆகவே வரலாற்றாசிரியர்கள் மருதூருக்கு அடுத்தபடியாகச் சென்னையை வைத்து, இடைப்பட்ட ஊரைப் பெயரளவில் சுட்டி நகர்ந்துவிடுவர். ஆயினும் அப்பெயர்ச்சியின் பொருள் சிறிதன்று. கணவனை இழந்தவள் கைக்குழந்தையோடு பிறந்தகம் திரும்புவது அக்காலத் தமிழ்க் குடும்பத்தில் வழக்கம் மட்டுமன்று. சோற்றுக்கு வேறு வழியின்மையின் அடையாளமும் ஆகும். ஆரணியாற்றுப் பாசனத்தில் நெல் விளைந்த அவ்வட்டாரம் இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் அயற்பகுதியாகிவிட்டது. ஒரியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர் அங்கு வாடகை அறைகளில் வாழ்கின்றனர். ஊர்விட்டு ஊர்வந்து உண்ண வழிதேடுவோர் அப்பகுதிக்குப் புதியவரல்லர் என்பதற்குச் சின்னம்மையின் குடும்பமும் ஒரு சான்று.

சென்னையில் தமையன் சபாபதி காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் கற்றுப் புராணச் சொற்பொழிவால் குடும்பத்தைத் தாங்கினார். தம்பியைப் படிக்கவைக்க அவர் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. படிப்பில் நாட்டமின்றிக் கோயில்களைச் சுற்றிய தம்பிக்குச் சோறிடலாகாது எனத் தமையன் கட்டளையிட்டதாகவும், அண்ணியார் அவரறியாமல் உணவளித்து வந்ததாகவும் வரலாறு சொல்வோர் அனைவரும் குறிப்பர். தமையனின் தந்தையார் நினைவு நாளில் விருந்தினர் உண்ட பின்னர் பின்கட்டில் தம்பிக்கு இலையிட்ட அண்ணி கண்ணீர் விட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. செவிவழிச் செய்தியாயினும், பிற்காலத்தில் பசியைப் பற்றி அத்துணை நுட்பமாக எழுதியவரின் இளமையைச் சொல்லத் தொடங்கியவர்கள் மறுக்கப்பட்ட சோற்றிலிருந்து தொடங்கினர் என்பது கருதத்தக்கது.

கந்தகோட்டத்து முருகன்மேல் பாடிய தெய்வமணிமாலை அவர்தம் தொடக்ககாலப் படைப்பு. சென்னைக் காலத்துப் பாடல்களின் நிலவியல் பெரிதும் இன்றைய சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களுக்குள் அடங்குவது. திருவொற்றியூருக்கு நாள்தோறும் நடந்துசென்று வழிபட்டார். திருத்தணிகை முருகன்மேல் பல பதிகங்கள் பாடினார். வீட்டு மாடியறையில் கண்ணாடியின்முன் அமர்ந்து தியானித்தபோது தணிகைப் பெருமான் காட்சி கிடைத்ததாக மரபு கூறும். திருமுல்லைவாயில் இறைவனையும் பாடினார். எவ்வுளூர் என்று ஆழ்வார் பாசுரங்களில் பெயர்பெறும் திருவள்ளூரின் வீரராகவப் பெருமாள்மேலும் அவர் பாடியிருப்பது, சைவ வரம்புக்குள் மட்டும் அவரை நிறுத்துவோர் எளிதில் விளக்க முடியாத செய்தி.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

1849-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் மாணவராய் வந்து சேர்ந்தார். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தவரான இவர் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராயிருந்தவர். 1850-இல் தமக்கை உண்ணாமுலையின் மகளை இராமலிங்கர் மணந்தார். அம்மணம் சடங்களவில் நின்றது. தொடர்ந்த ஆண்டுகளில் அவர் பதிப்பாசிரியராய்ச் செயற்பட்டார்: ஒழிவிலொடுக்கம் 1851-இலும், தொண்டமண்டல சதகம் 1855-இலும், சின்மய தீபிகை 1857-இலும் அவர் பதிப்பில் வெளிவந்தன. இடையே 1854-இல் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை எழுதினார். தம் அன்னையின் ஊரையும் தம் வாழிடத்தையும் உள்ளடக்கிய மண்டலத்தின் சதகத்தைப் பதிப்பித்தபோது, அந்நூற்பெயரின் இலக்கணத்தை விளக்கத் தனியே ஓர் உரை வரைந்தமை அவர்தம் புலமைப் பயிற்சிக்குச் சான்று. பள்ளிப்படிப்பில்லாத அருளாளர் என்னும் படிமத்தோடு இது பொருந்துவதில்லை. பின்னாளில் சங்கத்துக்கு விதிகள் எழுதியபோது ஒவ்வொரு சொல்லையும் வரையறுத்து எழுதும் பழக்கம் இப்பதிப்புப் பணியிலிருந்தே வந்திருத்தல் வேண்டும்.

கருங்குழியில் உருவான சங்கம்

1858-இல் சென்னையை நீங்கித் தென்திசை சென்ற இராமலிங்கர் வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். 1867 வரை அவ்வில்லமே அவர் உறைவிடம். எண்ணெய்க்கு மாறாகத் தண்ணீரில் விளக்கெரிந்த அற்புதம் இங்கு நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது யாவரும் அறிந்தது. நிறுவன வரலாற்றுக்கு அதனினும் பயன்தருபவை இக்காலத்தில் அவர் அன்பர்களுக்கு எழுதிய கடிதங்கள். இறுக்கம் இரத்தின முதலியாருக்கும் புதுவை வேலு முதலியாருக்கும் எழுதப்பட்ட மடல்களில் அருள்மொழி குறைவு. நலம் உசாவலும், பணவரவு பற்றிய குறிப்பும், செய்யவேண்டிய காரியங்களின் நினைவூட்டலும் மிகுதி.

பாடல்களை அச்சிட இசைவு கிடைக்கும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பதென இரத்தின முதலியார் உறுதி கொண்டார். இதனை அறிந்த இராமலிங்கர் மனம் கலங்கி, அந்நோன்பைக் கைவிடுமாறும் பாடல்களை அனுப்புவதாகவும் எழுதினார். பிறர் பசித்திருப்பதைத் தம் பொருட்டாகக்கூட அவர் தாங்கவில்லை. அச்சுக்கு இசைந்த பின்னரும் ஒரு நிபந்தனை விதித்தார். தம் பெயரோடு சாமி என்னும் சொல் சேர்வது ஆரவாரமாகத் தோன்றுவதால் அது வேண்டா என்றார். 1867 பிப்ரவரியில் முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தபோது தொழுவூரார் முகப்பில் திருவருட்பிரகாச வள்ளலார் என்று பொறித்தார். ஆசிரியர் சாமியை மறுத்தார். மாணவர் அதனினும் பெரிய பட்டத்தைச் சூட்டினார். நபர் வழிபாட்டை விலக்க முயன்ற நிறுவனத்துக்குள் நபர் வழிபாடு நுழைந்த முதல் வாயில் அம்முகப்புப் பக்கமே எனலாம்.

1865-இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் தொடங்கப்பட்டது. பிறப்பு, குலம், சமயம் பற்றிய வினா இதில் சேர்வதற்குத் தடையாகவில்லை; கொல்லாமையும் புலாலுண்ணாமையுமே நுழைவுத் தகுதி. இவ்விரண்டையும் மேற்கொண்டோரை அகவினத்தார் என்றும், மேற்கொள்ளாதோரைப் புறவினத்தார் என்றும் வள்ளலார் வகுத்தார். இவ்வகுப்பு இன்றைய வாசகருக்கு நெருடலைத் தரக்கூடும். சாதியால் அமைந்த புலாலுண்ணாமை ஒரு சமூக உயர்வின் அடையாளமாகப் பயன்பட்டுவந்த சூழலில், உணவை அளவுகோலாக்கியமை புதியதொரு வேற்றுமைக்கு வழிவகுக்காதா என்னும் வினா ஒதுக்கத்தக்கதன்று. அதற்கு விடை சங்கத்தில் இல்லை, சாலையில் இருக்கிறது.

சாலை: எல்லையற்ற பந்தி

1867 மே 23 அன்று வடலூரில் சமரச வேத தருமச்சாலை தொடங்கப்பட்டது. பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை இதற்கென வழங்கினர். தொடக்கத்தில் அது மண்சுவரும் கூரையுமாயிருந்தது. அன்று ஏற்றப்பட்ட அடுப்பு அணையாது எரிந்துவருவதாகச் சொல்லப்படுகிறது. 21 அடி நீளமுடைய அவ்வடுப்பை வடலூர் செல்வோர் இன்றும் காணலாம். சாலை தோன்றிய காலச்சூழலும் நோக்கத்தக்கது. 1866-இல் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் கடும் பஞ்சம் நிலவியது. தானிய வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கை ஆட்சியாளரிடையே ஓங்கியிருந்த நேரம் அது. உழைக்க இயலாதவர்க்கு மட்டும் இலவச உணவு, ஏனையோர்க்கு வேலைக்குக் கூலி என்பதே அரசின் நிவாரண முறை. உணவு பெறத் தகுதியானவர் யார் என்னும் கேள்வியை அரசு முதலில் எழுப்பியது. சாலை அக்கேள்வியை எழுப்பவேயில்லை.

தொடக்க நாளில் சீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடைப் பகுதி படிக்கப்பட்டதாகக் கூறுவர். தமிழ் உரைநடையில் பசியை இவ்வளவு விரிவாக ஆராய்ந்த நூல் இதற்கு முன் இல்லை எனத் துணிந்து சொல்லலாம். பசி மிகும்போது அறிவு மயங்குவதும், கண் பஞ்சடைவதும், காது அடைபடுவதும், கைகால் சோர்வதும் மருத்துவக் குறிப்புப்போல் அடுக்கப்படுகின்றன. இவ்வருணனையால் ஓர் இறையியல் முடிவு நிறுவப்படுகிறது: உடம்பைக் கோயிலாகக் கொண்ட கடவுள் விளக்கம் பசியால் மறைவதால், பசி நீக்குதல் வழிபாட்டின் ஒரு கூறாகாமல் வழிபாடே ஆகிறது. பசியையும் கொலையையும் தவிர்ப்பதைப் பரசீவகாருண்யம் என்றும், தாகம், பிணி, வறுமை, அச்சம் முதலிய பிறவற்றை நீக்குவதை அபரசீவகாருண்யம் என்றும் அவர் பிரித்தார். முன்னதே முதன்மை.

இந்நூலில் அகவினம், புறவினம் என்னும் பகுப்பு மீண்டும் வருகிறது. புறவினத்தாரோடு நெருங்கிய பிற உறவுகள் வேண்டா எனினும், அவர்க்கு வந்த பசியை நீக்கியே தீரவேண்டும் என்பது விதி. நாடு, சமயம், சாதி, நடத்தை ஆகியவற்றை விசாரித்தபின் சோறிடுதல் கூடாது. பந்தியில் அமர்பவரிடம் எதுவும் வினவக்கூடாது என்பதனால், சங்கத்தின் வேலிக்கு வெளியே நிற்போர்தாம் சாலையின் முதன்மை விருந்தினராகின்றனர். மடங்களும் சத்திரங்களும் அன்னதானம் செய்துவந்த நாட்டில் இலவச உணவு புதுமையன்று. பெரும்பாலான சத்திரங்களில் பந்தி சாதிவாரியாக நடந்தது. சாலையில் அது நீக்கப்பட்டது. புதுமை அங்கேதான்.

மணிமேகலையின் அமுதசுரபியோடு அணையா அடுப்பை ஒப்பிடுவது ஆய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. ஒப்புமை அழகியது, ஆனால் நேரடித் தாக்கமெனக் கொள்வதற்கு எச்சரிக்கை வேண்டும். உ.வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு 1898-இல்தான் வந்தது. சாலை அதற்கு முப்பதாண்டு மூத்தது. மேலும் அமுதசுரபி தெய்வத்தன்மையால் சுரப்பது. வடலூர் அடுப்புக்கு யாரேனும் நெல் கொடுக்கவேண்டும், விறகு பிளக்கவேண்டும், உலை வைக்கவேண்டும். வள்ளலாரும் இதனை நன்கறிந்தவர். குடும்பத்தாரைப் பட்டினி போட்டுவிட்டு அயலார்க்குச் சோறிடுவது கடவுளுக்கு உடன்பாடன்று என அவர் எழுதினார். திருமணம் முதலிய சடங்குகளில் பந்தலுக்கும் ஊர்வலத்துக்கும் செலவிடும் பொருளைப் பசித்தவர்க்குத் திருப்பிவிடச் சொன்னார். துறவியின் பேச்சாக இல்லாமல் இல்லறத்தாருக்குரிய கணக்காக இது அமைகிறது. ஐந்து பிள்ளைகளுக்கு உலைவைத்த ஒரு விதவைத் தாயின் வீட்டில் வளர்ந்தவருக்கு இக்கணக்கு தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

சாலை தொடங்கிய ஆண்டே அருட்பா வெளிவந்த ஆண்டு. அடுத்த ஆண்டே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் சார்பிலிருந்து மறுப்பு எழுந்தது. திருமுறை என்னும் பெயரைத் தற்காலப் பாடல்களுக்குச் சூட்டலாமா என்பதே வாதத்தின் கரு. 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்ற வழக்கில் வள்ளலார் விடுவிக்கப்பட்டார். அருட்பா மருட்பாப் பூசல் பற்றிய ஏடுகள் அலமாரிகளை நிரப்பும் அளவுக்கு உள்ளன. அதே ஆண்டுகளில் சாலையில் எத்துணை மூட்டை நெல் வந்தது, யார் சமைத்தனர் என்பவற்றை ஆராய்ந்த கட்டுரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். புலமையுலகம் தனக்குப் பழகிய சண்டையையே வரலாறாகக் கொண்டது போலும்.

சாலையைச் சார்ந்தோர்க்கு 1871-இல் வள்ளலார் இட்ட சமாதிக் கட்டளை தனிக் கவனத்துக்குரியது. இறந்தவரை எரிக்காமல் புதைக்கவேண்டும், கருமாதிச் சடங்குகள் வேண்டா, கணவன் இறந்தால் மனைவியின் தாலியைக் களையலாகாது, மனைவி இறந்தால் கணவன் மறுமணத்துக்கு முயலலாகாது, அழுகுரல் வேண்டா, ஒரு நாளில் இயன்ற அளவு பலர்க்கு உணவளித்தால் போதும். சோறிடும் நிறுவனமொன்று தன் உறுப்பினரின் சாவுச் சடங்கில் கைவைத்தது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சூழலில் துணிவான செயல். கைம்பெண் கோலம் பற்றிய விதியைச் சின்னம்மையின் வாழ்வோடு காரண காரியமாக இணைப்பது மிகையாகலாம். எனினும் அவ்விதியை எழுதியவர் பிறந்த ஓராண்டுக்குள் தாலியிழந்த தாயின் மகன் என்பதை வரலாறு எழுதுவோர் குறிப்பிடாது விடுதல் பொருந்தாது.

சபை: எழுதப்பட்ட விதி

1870-இல் வள்ளலார் தம் உறைவிடத்தை மேட்டுக்குப்பத்துக்கு மாற்றிக்கொண்டார். அவ்வில்லத்துக்குச் சித்தி வளாகம் எனப் பெயரிட்டார். வடலூரில் எண்கோண வடிவில் சத்திய ஞானசபை எழுந்தது. 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று முதல் ஒளி வழிபாடு நடைபெற்றது. உருவம் இல்லை, ஏழு திரைகளுக்குப் பின்னே ஒளி. அவ்வாண்டிலேயே சங்கம், சாலை, சபை மூன்றின் பெயர்களும் மாற்றப்பட்டன. சமரச வேத என்னும் அடை நீக்கப்பட்டுச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய என்னும் அடை இடம்பெற்றது. வேதம் என்ற சொல் நீங்கியதைப் பெயர்மாற்றமாக மட்டும் கொள்ள இயலாது.

1872 ஜூலை 18 அன்று எழுதப்பட்ட வழிபாட்டு விதி கண்டிப்பானது. விளக்கேற்றவும் உள்ளே தூய்மை செய்யவும் 12 வயதுக்கு உட்பட்ட சிறுவரோ 72 வயதுக்கு மேற்பட்ட முதியவரோ மட்டுமே செல்லலாம். பரம்பரைப் பூசகர்க்கோ தீட்சை பெற்றவர்க்கோ அதில் உரிமை இல்லை. உலகியல் விழைவு தொடங்காத வயதும் அடங்கிய வயதுமே தகுதியாயின. பிறப்புரிமையின் இடத்தில் வயதை வைத்தது இவ்விதி. ஒரு சிறுவன் அவ்வுரிமையைச் சில ஆண்டுகளில் இழந்துவிடுவான். முதியவர் நெடுநாள் வைத்திருக்க இயலாது. எவர் கையிலும் நிலைத்து நில்லாதபடி அதிகாரத்தை அமைத்தமை, நிறுவனங்கள் சீர்கெடும் வழியை அவர் எண்ணிப்பார்த்திருந்தார் என்பதைக் காட்டும்.

ஆகவே மூன்று அமைப்புகளும் மூவேறு அளவில் திறந்திருந்தன. பந்தி எவர்க்கும், சங்கம் கொல்லா நெறியினர்க்கு, சபையின் உள்ளிடம் மிகச் சிலர்க்கு. இவ்வடுக்கைக் கலைத்து, வள்ளலாரை அன்னதானத்தின் முன்னோடியாக மட்டும் கொண்டாடுவோர் அவர் விதித்த ஒழுக்கத்தைக் கைவிடுகின்றனர். சபையின் மறைபொருளை மட்டும் பேசுவோர் சோறிடாமலே ஒளியை அடைய முயல்கின்றனர்.

மேட்டுக்குப்பம்

1873 அக்டோபர் 22 அன்று சித்தி வளாகத்தில் சன்மார்க்கக் கொடி உயர்த்தப்பட்டது. அன்று அவர் ஆற்றிய நீண்ட உரை பேருபதேசம் எனப்படும். வேதம், ஆகமம், சித்தாந்தம் முதலிய எதிலும் பற்றுக்கொள்ள வேண்டாம் என்றும், தாமே முன்பு சைவத்தில் கொண்டிருந்த அழுத்தமான பற்றைக் கைவிட்டதாகவும் அதில் அறிவித்தார். திருத்தணிகையையும் திருவொற்றியூரையும் உருகிப் பாடியவர் அவற்றைப் பாடிய மனநிலையைத் தம் சிற்றறிவுக் காலத்ததாகக் குறிப்பிட்டமை ஆய்வாளரை இன்றும் அலைக்கழிக்கிறது. முதல் ஐந்து திருமுறைகளை ஆறாம் திருமுறையின் கண்கொண்டு படிப்பதா, தனித்துப் படிப்பதா என்னும் சிக்கல் இங்கிருந்தே பிறப்பது.

இவ்வுரைக்குப் பின் நூறு நாளில், 1874 ஜனவரி 30 அன்று, அவர் அறைக்குள் சென்று கதவடைத்துக்கொண்டார். பின்னர் எவரும் அவரைக் கண்டதில்லை. அன்பர்கள் அதனைச் சித்தி என்பர். 1906-ஆம் ஆண்டுத் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியும் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளது. எட்டாண்டு கழித்து, 1882-இல், தொழுவூர் வேலாயுத முதலியார் பிரம்மஞான சபையாருக்கு அளித்த வாக்குமூலத்தில் தம் ஆசிரியரின் இறுதிக்கால மனவருத்தத்தைப் பதிவு செய்தார். சுற்றியிருந்தோர் அறிவுரையைக் கேட்டனரே அன்றி ஒழுகவில்லை என அவர் வருந்தியதாக அது சொல்கிறது. சங்கத்தைத் தோற்றுவித்தவர் சங்கத்தாரைப் பற்றி இறுதியாக எண்ணியது இதுவெனின், அவர் விதிகளை அவ்வளவு கண்டிப்பாக எழுதிவைத்ததன் காரணம் விளங்கும்.

பதிப்பும் விதியும்

தணிகைப் பாடல்களை உள்ளடக்கிய ஐந்தாம் திருமுறை 1880-இல்தான் அச்சேறியது. ஆறாம் திருமுறை 1885-இல் வந்தது. சமயக் கடுமை மிகுந்த சூழலில் அப்பாடல்களை வெளியிடத் தொழுவூரார் தயங்கினார் என்பர். ஆறு திருமுறைகளும் ஒருசேர முதன்முதலாக 1892-இல் வெளிவந்தன. அப்பதிப்பைக் கொணர்ந்தவர் பொன்னேரி சுந்தரம் பிள்ளை. தொடக்கநிலைப் பாடல்களையும் முதிர்நிலைப் பாடல்களையும் ஒரே கட்டடத்துக்குள் வைத்து, ஒருவர் வாழ்வின் முழு மாற்றத்தையும் வாசகர் காணச்செய்த பணி அது. பின்வந்த ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பதிப்பும் ஊரன் அடிகள் பதிப்பும் (1972) பெற்ற புகழில் இப்பொன்னேரிப் பதிப்பின் இடம் மங்கிப்போயிற்று. திருவள்ளூர் மாவட்ட இலக்கிய வரலாறு எழுதப்படும்போது இதற்கென ஓர் இயல் ஒதுக்கப்படுவது தகும்.

எழுதப்பட்ட விதியின் ஆற்றல் நூற்றாண்டுக்குப் பின்னும் வெளிப்பட்டது. ஞானசபைக்குள் காலப்போக்கில் இலிங்க வழிபாடு புகுத்தப்பட்டிருந்தது. அதனை எதிர்த்துச் சன்மார்க்க அன்பர்கள் முறையிட்டனர். இந்து சமய அறநிலையத் துறை 2006-இல் ஆராய்ந்து, 1872-ஆம் ஆண்டு விதிப்படியே வழிபாடு நடைபெறவேண்டும் என ஆணையிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2010-இல் அவ்வாணையை உறுதிப்படுத்தியது. பன்னிரண்டும் எழுபத்திரண்டும் என்று ஒரு துறவி மேட்டுக்குப்பத்திலிருந்து எழுதியனுப்பிய வரம்பு, 138 ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் ஆவணமாக நின்றது. சாலைக்கு அத்தகைய வழக்கு எதுவும் தேவைப்படவில்லை. வடலூரில் பந்தி நாள்தோறும் நடக்கிறது. உட்காருபவரை யாரென்று இன்றும் எவரும் கேட்பதில்லை.